வழக்கு உண்டா என்று கேட்கும் கட்டம்

சென்னை
ஜூலை 6, 2025

அன்புள்ள அன்டோ,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளமான செய்திக்குப் போனில் பதில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் சொன்னால் பாதி உனக்குத் தங்காது, மீதியை உன் அம்மா இடையில் புகுந்து பிடுங்கிக்கொள்வாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்தாயிற்று, சமையல் வேலையும் இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழெட்டு சர்டிஃபிகேட் பெயரை வரிசையாகப் போட்டு, எதை முடித்தால் சைபர் செக்யூரிட்டி வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், மறந்துபோனதை ஒட்டவைத்த மாதிரி ஒரு வரி: "ஃபார்ம்ல கேஸ் இருக்கான்னு ஒரு கட்டம் வருது சித்தி, இல்லைன்னு போட்டுறவா?" நீ கேட்க வந்ததே அந்த வரியைத்தான் என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன். முதலில் சர்டிஃபிகேட் கதையை முடித்துவிடலாம், அது எளிது.

நிறுவனங்கள் ஏன் அந்தக் காகிதத்தைக் கேட்கின்றன என்பதை நான் இருக்கும் தொழிலை வைத்தே சொல்கிறேன். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தகவல் பாதுகாப்புத் தணிக்கை செய்யும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அரசுத் துறையோ பொதுத்துறை நிறுவனமோ தணிக்கைக்கு டெண்டர் விட்டால் அநேகமாக அந்தப் பட்டியலில் இருப்பவர்களைத்தான் கூப்பிடும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதில் ஒரு விவரத்தாள் உண்டு. யாரும் திறந்து பார்க்கலாம். இந்த நிறுவனத்தில் சி.ஐ.எஸ்.எஸ்.பி. முடித்தவர் எத்தனை பேர், சிசா எத்தனை பேர், ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர் எத்தனை பேர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள் எழுதும் டிசா எத்தனை பேர் என்று தலை எண்ணிப் போட்டிருக்கும். ஆக, உன் சான்றிதழைக் கம்பெனி கேட்பது உன் மூளையை அளக்க மட்டும் அல்ல. தன் தாளில் ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்ளவும்தான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு கையில் இருக்கும் காசைச் செலவழி.

சி.ஐ.எஸ்.எஸ்.பி.யைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டிருக்கிறாய். பரீட்சைக் கட்டணமே 749 டாலர். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 64,000 ரூபாய். காசு இருந்தாலும் இப்போது அது உனக்கு இல்லை. பாதுகாப்புத் துறையின் 8 பிரிவுகளில் குறைந்தது 2 பிரிவுகளில் 5 ஆண்டு சம்பள வேலை பார்த்திருக்க வேண்டும்; கம்ப்யூட்டர் பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும். அனுபவம் இல்லாமல் தேறினால் அசோசியேட் என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம். 6 ஆண்டுக்குள் அனுபவத்தைக் காட்ட வேண்டும். பீச் ரோடு ஷிப்பிங் ஏஜென்சியில் நீ பார்த்த வேலையைக் குறைத்து நினைக்காதே. ஃபயர்வால் விதி போட்டது, யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க அனுமதி என்று வைத்தது, பேக்அப் எடுத்துச் சோதித்தது எல்லாம் கணக்கில் வரும். "சிஸ்டம் சப்போர்ட்" என்று ஒற்றை வார்த்தையில் ரெஸ்யூமில் எழுதி அதை நீயே புதைத்திருக்கிறாய்.

சிசாவும் அப்படித்தான். பரீட்சையை இன்றைக்கே எழுதலாம், பட்டம் அனுபவத்துக்குப் பிறகு. தணிக்கைப் பக்கம் வர ஆசை என்றால் மட்டும் அதைத் தொடு.

இப்போதைக்கு நான் சொல்வது இதுதான். சி.ஐ.எஸ்.எஸ்.பி. நடத்தும் அதே ஐ.எஸ்.சி.2 அமைப்பு, புதிதாக வருகிறவர்களுக்கு சி.சி. என்று ஒரு தொடக்கநிலைப் பரீட்சை வைத்திருக்கிறது. அதற்குப் பயிற்சியும் கட்டணம் இல்லை, பரீட்சையும் கட்டணம் இல்லை. தேறின பிறகு ஆண்டுக்கு 50 டாலர் கட்டினால் போதும். ஒரு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் தேறிவிடுவாய். பிறகு உனக்கு ஊடுருவல் சோதனைதான் பிடிக்கிறது என்றால் ஓ.எஸ்.சி.பி.க்குக் காசு சேர். அந்தப் பரீட்சையில் நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கும் பேச்சே கிடையாது. ஏறக்குறைய 24 மணி நேரம் அவர்கள் கொடுக்கும் கணினிகளுக்குள் நுழைந்து காட்ட வேண்டும். அடுத்த 24 மணி நேரத்தில் எப்படி நுழைந்தாய் என்று அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை சரியில்லை என்றால் நுழைந்ததும் வீண். உன் ஆங்கில அறிக்கையைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டாம் நாளுக்கு இப்போதிருந்தே பழகு.

ஊரில் ஒரு பயிற்சி நிலையம் எத்திக்கல் ஹேக்கர் சான்றிதழுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது, வேலைக்கு உத்தரவாதம் தருகிறது என்கிறாய். அந்தச் சான்றிதழ் கெட்டது என்று சொல்லமாட்டேன். நம் நாட்டு ஹெச்.ஆர். ஆட்களுக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது அதன் பெரிய பலம். தாத்தா சொல்வாரே, கடல்கட்டி கதை. முத்துக்குளிப்புக்கு முன் ஒருவர் வந்து மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் குளிகாரர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தை அதிகாரி நம்பினானா என்பது வேறு. குளிகாரன் நம்பினான், அதனால் கூலி கொடுத்தான். சில சர்டிஃபிகேட்டுகளை நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். கேட்கிற இடத்தில் காட்ட வேண்டும் என்றால் எடுத்துக்கொள். அதற்காக அக்காவின் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பாதே.

இன்னொன்று, டம்ப். பரீட்சைக் கேள்விகளைத் திருடி விற்கிற கோப்பு உன் நண்பன் கையில் இருக்கிறதாம். தொடாதே. பரீட்சைக்கு முன் ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்கிறாய். பின்னால் தெரியவந்தால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கு மேல், அப்படித் தேறினவனை நாங்கள் நேர்காணலில் இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவோம்.

ஹூஸ்டனில் இருக்கும் உன் நண்பனின் அண்ணன் அனுப்புகிற விளம்பரங்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறாய். செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடு. அமெரிக்காவில் கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று படிகள் உண்டு; அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான் கிடைக்கும். குடிமகனாக இருந்தாலும் தானாக விண்ணப்பிக்க முடியாது. வேலைக்கு எடுக்கிற நிறுவனமோ அரசுத் துறையோ கேட்டால்தான் விசாரணையே தொடங்கும். நூறு பக்கத்துக்கு மேல் போகிற ஒரு படிவம். எங்கே குடியிருந்தாய், யாரோடு பழகினாய், யாருக்குக் கடன்பட்டாய் என்று குடைவார்கள். "கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது காசு கேட்டால் திருட்டுப்பயல் என்று எடுத்துக்கொள். செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ் உலகம் முழுக்கப் பெயர் வாங்கினதற்கும் பெரிய காரணம் அந்த நாட்டு ராணுவம்தான். எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் என்று 2005ல் ஒரு பட்டியல் போட்டார்கள், 2023ல் அதை மாற்றிப் புதுசாக எழுதினார்கள். அவர்கள் பட்டியலுக்காக நாம் தூத்துக்குடியில் உட்கார்ந்து நெட்டுரு போட வேண்டியதில்லை. படித்தால் நல்ல அடிப்படை கிடைக்கும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் அப்படி ஒரே கிளியரன்ஸ் படிவரிசை வெளி ஆளுக்குக் கிடையாது. ஆனால் நீ போக நினைக்கிற இடம் பொதுத்துறை நிறுவனத்தின் கண்காணிப்பு மையம். ஆள் எடுப்பது ஒப்பந்தக் கம்பெனியாக இருந்தாலும் நடத்தை விசாரணை வரும். ஏன் வரக்கூடாது? நம் கரையோரமாகவே தெற்கே போனால் கூடங்குளம். 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்தது, உங்கள் கணினியில் கெட்ட மென்பொருள் இருக்கிறது என்று. அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்தின் பெயரில் மறுப்பு. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது. டிட்ராக் என்ற அந்த மென்பொருள் நுழைந்தது அணு உலையை இயக்கும் வலைப்பின்னலில் அல்ல, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்திருந்த ஒரு கணினியில். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கெட்ட மென்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியபோது மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்குப் பெட்டக முனையமே கையால் எழுதி ஓட்டும் நிலைக்கு வந்தது. அதே மாதம் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2021 முதல் கப்பல் நிர்வாகத்திலேயே சைபர் ஆபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நம் வ.உ.சி. துறைமுகம் இருக்கிற கடலில் இந்த வேலை இனிமேல் கூடத்தான் செய்யும். அப்படிப்பட்ட இடத்தில் கடவுச்சொல்லைக் கையில் கொடுக்கும் முன் இவன் யார் என்று விசாரிப்பது நியாயம். நானாக இருந்தாலும் விசாரிப்பேன்.

சரி, அந்தக் கட்டம்.

2018 மே 22. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். மாதா கோயில் முன்னிருந்து புறப்பட்ட கூட்டத்தில் நீயும் போனாய். காலேஜில் இரண்டாம் வருடம், 19 வயது. துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன பிறகு, நெட்டையும் நிறுத்திவிட்டு வீடு வீடாகப் பையன்களைப் பிடித்துப் போன நாட்களில் உன்னையும் கூட்டிப் போனார்கள். தடை உத்தரவை மீறியது, சட்டவிரோதமாகக் கூடியது. இவ்வளவுதான் உன் மேல் எழுதினது. உன் அப்பா ஜாமீனில் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேசாமலே இருந்து பழகிவிட்டோம். நீ துறைமுகத்துக்குள் வருஷப் பாஸ் கேட்காமல், காவல்துறைச் சான்று வேண்டும் என்பார்களே என்று பயந்து தினப் பாஸிலேயே போய்வந்தது எனக்குப் போன வருஷம்தான் தெரியும். அவ்வளவு பயம் எதற்கு, மக்கா?

2021 மே மாதம், துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை வந்த கையோடு, சி.பி.ஐ.க்குப் போனவை போன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. படிப்புக்கும் வேலைக்கும் இந்த வழக்குகள் குறுக்கே நிற்கக்கூடாது என்று தடையின்மைச் சான்று தருவதாகவும் அதிலேயே சொன்னது. கவனி, இந்த ஊரில் இப்படி ஒரு கஷ்டம் இருக்கிறது என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நீ ஒருத்தன் மட்டும் சுமந்துகொண்டு திரிகிற ரகசியம் அல்ல இது. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே 6ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இடிந்தகரைப் பையன்களுக்கும் பாஸ்போர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்த கதை உண்டு.

ஆனால் அரசு அறிவித்தது வேறு, உன் வழக்கு முடிந்தது வேறு. கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கு என்றால் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு நீதிமன்றம் சம்மதித்தால்தான் திரும்பப் பெற்றதாகும். உன்னுடையது அப்படி முடிந்ததா, அல்லது விசாரணை நிலையிலேயே கைவிட்டார்களா என்பதற்கு உன்னிடம் காகிதம் இல்லை, அக்காவுக்கும் நினைவில்லை. முதல் வேலை, எஃப்.ஐ.ஆர். நகலையும் முடிவு உத்தரவின் சான்றிட்ட நகலையும் கையில் வாங்கு. வக்கீல் ஃபீஸ் நான் தருகிறேன், ஒன்றரை லட்சப் பயிற்சியை விட இது மலிவு. தடையின்மைச் சான்று வாங்கவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேள்.

இனி, "இல்லை" என்று போடலாமா? கூடாது. அரசுப் பணிக்கான சான்றுறுதிப் படிவத்தை நிதானமாகப் படித்துப் பார். கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்கும். தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கும்: பொய்த் தகவல் தந்தாலோ மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு. வழக்கு உன்னைத் தள்ளாமல் போகலாம், மறைத்தது தள்ளிவிடும்.

இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவதார் சிங் எதிர் இந்திய அரசு என்று 2016 ஜூலை 21ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு அமர்வும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. 2011ல் சந்தீப் குமார் வழக்கில், இளம் வயது அடிதடி வழக்கைப் படிவத்தில் எழுதாத ஒருவனுக்கு டெல்லி போலீஸ் வேலையை மறுத்தது தவறு என்றார்கள். விக்டர் ஹியூகோவின் ஜீன் வால்ஜீனையும், தங்கள் மொழிக்காக லண்டன் நீதிமன்றத்துக்குள் புகுந்து கூச்சல் போட்ட வேல்ஸ் மாணவர்களின் பழைய வழக்கையும் அதில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். (நம் ஊர்க்காரர்கள் படித்தால் சொந்தக் கதை போல இருக்கும்.) வேறு அமர்வுகள் மறைத்தவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2016ல் மூவர் உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னதில் உனக்கு வேண்டியது: கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் கூட, வேலை கொடுப்பவர் நினைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னவனையும் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அவன் பின்னணியைப் பார்த்து முடிவெடுக்கலாம். படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டக்கூடாது.

கடைசியாகச் சொன்னதும் முக்கியம். உன் மாதிரிப் பையன்கள் மறைக்காவிட்டால் அளந்துகொட்டுவீர்கள். படிவத்தில் ஸ்டெர்லைட் வரலாறு எழுத வேண்டாம். கைதா, ஆம். தண்டனையா, இல்லை. நிலுவையா, உத்தரவைப் பார்த்துப் போடு. கீழே காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவு, முடிந்த விதம், தேதி, இணைப்பு. மூன்று வரிக்கு மேல் போகாதே. நேரில் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல். நீ மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை.

தனியார் கம்பெனிக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது, அவர்கள் ஒப்பந்தம் வேறு. ஆனால் அங்கே மறைப்பது இன்னும் முட்டாள்தனம். பின்னணி சரிபார்க்கிற ஏஜென்சிகள் கோர்ட் வழக்குகளைப் பெயரும் ஊரும் போட்டுத் தேடுகின்றன. இணைய நீதிமன்றப் பதிவுகள் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கின்றன. வளைகுடா என்றால் பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிக் காவல்துறைச் சான்று வாங்க வேண்டும். அதுவும் உன் ஊர் ஸ்டேஷனுக்குத்தான் திரும்பி வரும். நீ ஆசைப்படுகிற சி.ஐ.எஸ்.எஸ்.பி. மட்டும் என்ன? தேறின பிறகு, ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒருவர் உனக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தில், பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றதுண்டா, கிரிமினல் ஹேக்கர்களோடு தொடர்பு உண்டா என்று நேராகக் கேட்பார்கள். முதல் கேள்வி உன்னை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பயம். "ஒரு கம்பெனி சைட்டில் ஓட்டை இருக்கான்னு சும்மா தட்டிப் பார்த்தேன்" என்று செய்தி நடுவில் ஒரு சிரிப்பு முகத்தோடு எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. எழுத்தில் அனுமதி இல்லாமல் தட்டக்கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. அரசு பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அறிவித்த கணினி என்றால் 70ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. மே 22 வழக்கை உனக்காக ஆயிரம் பேர் புரிந்துகொள்வார்கள். இதை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஓட்டையைத் தற்செயலாகப் பார்த்தால் செர்ட்-இன்னுக்கு எழுது, அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பழகிப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டில் பழைய லேப்டாப்பில் ஆய்வுக்கூடம் போடு.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் நடுவில் என்றாயே. நான் இந்த மாதம் 26ஆம் தேதி மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவேன், தேர் முடிந்துதான் கிளம்புவேன். அதற்குள் வக்கீலைப் பார்த்து நகலுக்கு மனுப் போட்டிரு. சான்றிட்ட நகல் வர நாளாகும், நாளைக்கே போ. படிவத்தைப் பேனாவில் நிரப்பாதே, பென்சிலில் போட்டு வை, சேர்ந்து பார்ப்போம். ரெஸ்யூமையும் எடுத்து வை, அந்த "சிஸ்டம் சப்போர்ட்"டைக் கிழிக்க வேண்டும்.

அக்காவிடம் மக்ரூன் வாங்கி வைக்கச் சொல், இந்த முறை என் சுகரைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

அன்புடன்,
சித்தி